புலம் தெற்கே திரும்பிய இரவு: 2015 ஜூன் 22–23 காந்தப் புயல், ஒரு நிகழ்வு ஆய்வு

என் பழைய லாக் புத்தகத்தில் 2015 ஜூன் 22, திங்கட்கிழமைப் பக்கத்தின் கடைசி வரி இது: “00.20. ஆள் காணோம். டோன் மணல்ல இழுத்த மாதிரி ஆச்சு, அப்புறம் போயிருச்சு.” பக்கத்தின் ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று விளங்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

பகலில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, ராத்திரியில் ஹாம் வானொலி, அதாவது சொந்த ரேடியோவில் தூரத்து ஆட்களோடு பேசும் பொழுதுபோக்கு. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே தோட்டத்துச் சாளை. அக்கம்பக்கத்தில் பவர்லூம் இல்லாததால் ரிசீவரில் இரைச்சல் குறைவு. மாடியில் மூன்று எலிமென்ட் யாகி ஆன்டெனா, கீழே 100 வாட் ரேடியோ. திங்கள் ராத்திரி தோறும் 14 மெகாஹெர்ட்ஸில் ஓர் அண்ணனோடு பேச்சு. பொள்ளாச்சிக்காரர், வான்கூவருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். நமக்கு நள்ளிரவு என்றால் அவருக்குக் காலை பதினொன்றரை.

அவரைப் பிடிக்க ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவேன் என்று கேட்டால் பலரும் மேற்கு என்பார்கள், சிலர் கிழக்கு என்பார்கள். உண்மையில் வடக்கு. வடக்கிலிருந்து கொஞ்சமே கிழக்கே சாய்த்து, ஏறக்குறைய 15 டிகிரி. உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும்: நூல் இமயமலை தாண்டி, சைபீரியா தாண்டி, 75 டிகிரி வட அட்சரேகைக்கும் மேலே ஏறி, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. சுமார் 13,000 கிலோமீட்டர். என் குரல் வான்கூவர் போக வேண்டுமென்றால் துருவ ஒளி வளையத்தை, அதாவது துருவத்தைச் சுற்றி வானம் ஒளிரும் பட்டையை, நெடுக உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கொங்கு நாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆர்க்டிக் வானத்தோடு என்ன சோலி என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்.

அன்றைக்கு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கே அண்ணன் குரல் மெலிந்து இருந்தது.

“தம்பி, கேக்குதா? நீ எங்கியோ கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது.”

“அரைகுறையாத்தானுங்ணா கேக்குது. மோர்ஸுக்கு வந்தர்லாமுங்ளா?”

மோர்ஸுக்கு மாறினோம். பலவீனமான பாதையில் குரல் செத்துப்போகும், மோர்ஸ் தாக்குப்பிடிக்கும். முதல் பத்து நிமிஷம் ஒலி சுத்தமான விசில் மாதிரி வந்தது. நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்களில் அந்த விசில் கரகரத்தது. புள்ளியும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாணலியில் மணலை வறுக்கும் சத்தம் மாதிரி ஆனது. பிறகு இரைச்சல் மட்டும். ஆன்டெனா கேபிளில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டி, விடிந்ததும் மாடியேறி கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஆனி மாதக் காற்று வேறு, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வந்து என் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

2016 கடைசியில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. “பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல், ஊட்டி விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு.” தேதியைப் பார்த்தேன்: 2015 ஜூன் 22. லாக் புத்தகத்தை எடுத்தேன்.

என்ன வந்தது, எப்போது வந்தது

2015 ஜூன் 21, ஞாயிறு. முதல் சர்வதேச யோகா தினம். இந்தியாவில் ஊரெங்கும் பாய் விரித்து ஆசனம் செய்துகொண்டிருந்த அந்தக் காலை எட்டு மணி வாக்கில், சூரியனில் 12371 என்று எண்ணிட்ட கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து ஒரு கொரோனா நிறை உமிழ்வு கிளம்பியது. பல நூறு கோடி டன் மின்னூட்ட வாயு, அதற்குள்ளே சுருட்டி வைத்த காந்தப்புலம். ஏற்கெனவே முந்திய நாட்களில் இரண்டு உமிழ்வுகள் கிளம்பியிருந்தன. அவற்றின் அதிர்ச்சி அலைகள் 21 இரவிலும் 22 பகலிலும் பூமியைத் தட்டிவிட்டுப் போயின. மூன்றாவதுதான் பெரிசு. 15 கோடி கிலோமீட்டரை ஏறக்குறைய 40 மணி நேரத்தில் கடந்து, நம் நேரப்படி செவ்வாய் பிறந்து மூன்று நிமிஷத்தில், அதாவது 23-ஆம் தேதி 00.03-க்கு, பூமியின் காந்தமண்டலத்தில், அதாவது விண்வெளியில் பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியில், மோதியது. உலக நேரத்தில் அது 22-ஆம் தேதி 18.33.

சூரியக் காற்று சாதாரண நாளில் வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அந்த இரவு அது 700-ஐத் தொட்டது. அந்தக் காற்று இழுத்து வரும் காந்தப்புலத்துக்குத்தான் கோளிடைக் காந்தப்புலம் என்று பெயர். வழக்கமாக அது 5, 6 நானோ டெஸ்லா. நம் காலடியில் உள்ள பூமியின் புலம் 40,000-ஐ ஒட்டியது என்று நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. அன்று அது 40 ஆனது. அதுவும் தெற்கு நோக்கி.

நடந்ததை மூன்றாகப் பிரிக்கலாம். அதிர்ச்சி மோதியதும் புலம் ஆழமாகத் தெற்கே விழுந்தது. ஓரிரு மணி நேரத்தில் வடக்கே திரும்பி, விடியும் வரை பெரும்பாலும் வடக்கிலேயே நின்றது. காலை ஏழே கால், ஏழரை வாக்கில் மறுபடி தெற்கே திரும்பி நின்றது. புயலின் மொத்தக் கணக்கைச் சொல்லும் டிஎஸ்டி குறியீடு அதற்குப் பிறகு, நம் காலை பத்து மணியை ஒட்டித்தான், சுமார் -200 நானோ டெஸ்லாவுக்கு இறங்கியது. ஐந்து படி கொண்ட தரவரிசையில் இதை ஜி4 என்று வைத்தார்கள்.

இந்த மூன்றில் நடுவில் உள்ள பகுதியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த வடக்கு நேரத்தில் காற்று தணியவில்லை. அதே 700-ஐ ஒட்டிய வேகம்தான், புலமும் வலுவாகவே இருந்தது. ஆனாலும் புயல் வளரவில்லை. திசை ஒன்றுதான் மாறியிருந்தது.

பேஸ் மாறின மோட்டார்

எங்கள் பக்கம் கிணற்று மோட்டாரோ போர் மோட்டாரோ வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். கம்பத்தில் வேலை பார்த்துவிட்டு லைன்மேன் போன மறுநாள், மோட்டார் உறுமிக்கொண்டு ஓடும், தண்ணீர் வராது. வந்தாலும் நூல் மாதிரி. மூன்று பேஸில் இரண்டு இடம் மாறிப்போய், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. வோல்டேஜ் அதேதான், ஆம்பியரும் இழுக்கிறது, மோட்டாரிலும் பழுதில்லை. ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தண்ணீர் கொட்டும். கோளிடைப் புலத்தின் வடக்கு தெற்குக் கூறும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது.

பூமியின் புலம் நிலநடுக்கோட்டுக்கு மேலே வடக்கு நோக்கி இருக்கிறது. வந்து மோதும் புலமும் வடக்கு நோக்கியே இருந்தால் இரண்டும் ஒரே திசை. ஒன்றை ஒன்று நெருக்கும், ஆனால் பகல் பக்கத்து முகப்பில் கலக்காது. வருவது தெற்கு நோக்கி இருந்தால் எதிரும் புதிருமாக நின்று, முகப்பில் கோடுகள் அறுந்து மாற்றி இணைகின்றன. இதற்குக் காந்த மறுஇணைப்பு என்று பெயர். பூமியில் வேர் வைத்த கோடு ஒன்றின் மறுமுனை இப்போது சூரியக் காற்றில் கிடக்கிறது. காற்று அதைத் துருவத்துக்கு மேலாக இழுத்து ராத்திரிப் பக்கம் கொண்டுபோகிறது. அங்கே நீண்ட வால்பகுதியில் கோடுகள் மறுபடி இணைந்து பூமிப் பக்கம் திரும்புகின்றன. 1961-இல் இந்தச் சுற்றை முழுசாக வரைந்து காட்டியவர் ஜேம்ஸ் டங்கி. அப்போது விண்வெளியில் அளந்து பார்க்க ஏறக்குறைய எதுவும் இல்லை. 1966-இல் ஃபேர்ஃபீல்டும் கஹிலும் எக்ஸ்ப்ளோரர் 12 செயற்கைக்கோளின் அளவுகளை வைத்து, வெளியே புலம் தெற்கே இருக்கும்போதுதான் துருவப் பக்கத்துத் தரை காந்தமானிகள் அலைபாய்கின்றன என்று காட்டினார்கள்.

கோட்டின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது? துருவத்தை ஒட்டிய அயனி மண்டலத்தில், அதாவது உயரே மின்னேறிக் கிடக்கும் காற்றடுக்கில். மேலே கோட்டை இழுத்தால் கீழே காலும் நகரும். அதனால் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி வாயு நண்பகல் பக்கத்திலிருந்து துருவத்தின் குறுக்கே நள்ளிரவுப் பக்கம் ஓடி, இரண்டு ஓரமாகவும் திரும்பி வருகிறது. காங்கேயத்துச் செக்கு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இடமாகவும் ஒன்றை வலமாகவும் ஓட்டினால் நடுவில் எண்ணெய் எப்படி ஒரே திசையில் நகருமோ, அந்த அமைப்பு. வேகம் சாதாரணமாக வினாடிக்கு சில நூறு மீட்டர். புயலில் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம், எனக்கு வோல்ட்டில் சொன்னால்தான் புரியும். வேகத்தைப் புலத்தால் பெருக்கினால் மின்புலம். 700 கிலோமீட்டர் வேகம், 40 நானோ டெஸ்லா: மீட்டருக்கு 28 மில்லிவோல்ட். சாதாரண நாளில், 400-க்கு 5, வெறும் 2 மில்லிவோல்ட். பார்த்தால் அற்பம். ஆனால் காந்தமண்டலத்தின் அகலம் ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர். முழு அகலத்துக்கும் கூட்டினால் 56 லட்சம் வோல்ட் வருகிறது. இதில் ஒரு சிறு பங்குதான் துருவத்துக்கு இறங்கும். சாதாரண நாளில் துருவத்தின் குறுக்கே 50,000 வோல்ட் வாக்கில் இருக்கும், பெரும்புயலில் 2 லட்சத்தை ஒட்டிப் போய் நின்றுவிடும். தள்ளுவிசை 14 மடங்கு கூடினாலும் துருவ மின்னழுத்தம் 4 மடங்குக்கு மேல் போக மறுக்கிறது. ஸ்டேட்டர் கோர் சாச்சுரேட் ஆன பிறகு கரண்டை எவ்வளவு கூட்டினாலும் புலம் ஏறாது இல்லையா, அது மாதிரி ஒரு முட்டுக்கட்டை. ஏன் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருக்கின்றன. அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டமே மேலே திருப்பி எதிர்ப்புக் காட்டுகிறது என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பட்டறைக்காரனின் சாய்வு, அவ்வளவுதான்.

மோட்டார் உவமை ஓரிடத்தில் நான் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே பொருந்துகிறது. புலம் வலுவாக வடக்கே நிற்கும்போது மறுஇணைப்பு முகப்பில் நடக்காமல், துருவங்களுக்குப் பின்னால் வால்பகுதியின் ஓரத்தில் நடக்கிறது. அப்போது துருவத்தின் உள்ளே, இரண்டு பெரிய சுழல்களுக்கு நடுவில், எதிர்ப்பக்கம் சுற்றும் இரண்டு குட்டிச் சுழல்கள் பிறக்கின்றன. நடுவில் ஓட்டம் திரும்பி, சூரியனை நோக்கி ஓடுகிறது. அழுத்தம் கொஞ்சம்தான். எதிர்ப்பக்கம் சுற்றும் மோட்டார், நூல் மாதிரி தண்ணீர்.

வடக்கில் வெயில், தெற்கில் இருட்டு

ஜூன் 22 என்றால் கோடை நாள் உச்சத்துக்கு மறுநாள். வட துருவத்தில் சூரியன் மறைவதில்லை. அங்கே அயனி மண்டலம் வெயிலிலேயே நன்றாக மின்னேறிக் கிடக்கிறது. தெற்கில் முழு இருட்டு. அண்டார்டிகாவில் உள்ள நம் நாட்டு ஆய்வு நிலையங்கள் மைத்ரியும் பாரதியும் அந்த இருட்டுக்குள்ளேதான். மைத்ரி 70 டிகிரி தெற்கு, 1989-இலிருந்து. பாரதி 69 டிகிரி, 2012-இலிருந்து. அட்சரேகை கிட்டத்தட்ட ஒன்று என்றாலும் காந்தக் கணக்கில் இரண்டும் வேறு. மைத்ரி துருவ ஒளி வளையத்துக்கு வெளி ஓரத்தில், பாரதி அதற்கும் உள்ளே துருவப் பக்கமாக. அதனால் புயலில் வளையம் விரியும்போது மைத்ரிக்கு மேலே அது வந்து நிற்கும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இரண்டு இடத்திலும் காந்தமானி வைத்திருப்பதன் பலன் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஒரே புலம், ஒரே காற்று, இரண்டு துருவமும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. பகல் பக்கத்து அடர்ந்த அயனி வாயுவை ஓட்டம் நாக்கு மாதிரி இழுத்துத் துருவத்துக்குள் கொண்டுபோகும். வெளிப்புலம் நிமிஷத்துக்கு நிமிஷம் திசை ஆடும்போது அந்த நாக்கு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துத் திட்டுகளாக மிதக்கும். வெயிலில் கிடக்கும் வடக்கில் இந்தத் திட்டுகள் சுற்றுப்புறத்திலிருந்து அவ்வளவாகப் பிரிந்து தெரியாது. இருட்டில் கிடக்கும் தெற்கில் பளிச்சென்று தெரியும். ஜிபிஎஸ் சமிக்ஞையை நடுங்கவைப்பது இந்தத் திட்டுகளின் ஓரங்கள்தான்.

திசை என்றால் வடக்கு தெற்கு மட்டும் இல்லை. சூரியனைப் பார்த்து நின்றால் இடம் வலமாகப் போகும் கூறும் இருக்கிறது. அது செக்கு இரண்டையும் சமமாக இருக்கவிடாது, ஒன்றைப் பெரிசாக்கி மற்றதை நெருக்கும். அதிலும் வடதுருவத்தில் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ தென்துருவத்தில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். டென்மார்க்கின் ஸ்வால்கார்ட் 1968-இலும் சோவியத்தின் மன்சூரோவ் 1969-இலும் இதைத் தரைக் காந்தமானிப் பதிவுகளிலேயே கண்டார்கள். விண்கலமே இல்லாமல், துருவத்தில் ஒரு காந்தமானியை வைத்துக்கொண்டு, வெளியே புலம் சூரியனை நோக்கி இருக்கிறதா விலகி இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். இந்தத் துறையில் நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இதுதான். மோட்டாரைப் பிரிக்காமலேயே, கை வைத்துப் பார்த்து எந்த பேரிங் போனது என்று சொல்லும் ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு. அந்த ஜாதி வேலை.

இந்த ஓட்டத்தையெல்லாம் அளப்பது யார் என்றால், சூப்பர்டார்ன் என்ற ரேடார் வரிசை. 8-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது நாங்கள் ஹாம்காரர்கள் அரட்டையடிக்கும் அதே அலைவரிசைப் பக்கம். அயனி வாயுவின் ஒழுங்கற்ற கட்டிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் சுருதி எவ்வளவு மாறியது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அண்ணனின் சுத்தமான விசில் மணலாக மாறியதற்கும் இதே பௌதிகம்தான். 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 21 மீட்டர். நூறு பாதையில் சிதறி, ஒவ்வொரு பாதையிலும் கட்டிகள் வெவ்வேறு வேகத்தில் ஓடினால், ஒவ்வொன்றும் சுருதியைக் கொஞ்சம் வேறுமாதிரி திரித்து அனுப்பும். பத்து இருபது ஹெர்ட்ஸ் அகலத்துக்கு விசில் விரிந்துவிடும். காது அதைக் கரகரப்பாகக் கேட்கிறது.

ஊட்டி பார்த்தது

மேட்டுப்பாளையத்தில் நின்றால் எதிரே மறித்து நிற்கும் அந்த மலைக்கு மேலே, 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. 560 சதுர மீட்டருக்கு 3,712 இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சதுரம். வெல்டிங் பட்டறைக்காரர் பார்த்தால் ஸ்கொயர் பைப் என்பார். உள்ளே ஒரு கம்பி, வாயு, உயர் வோல்ட்டேஜ். அண்டக் கதிர் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள் குழாயைக் கடந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும்.

ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், பூமியின் புலம் அங்கே அண்டக் கதிர்களைக் கடுமையாகத் தடுக்கிறது. பெரும் ஆற்றல் உள்ளவை மட்டுமே உள்ளே வரும். அந்த இரவு நம் நேரப்படி 00.30-இலிருந்து இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை ஏறியது. தொலைநோக்கி பிரித்துப் பார்க்கும் ஒன்பது திசையிலும் ஒரே சமயத்தில். வெளிப்புலத்தின் 40 நானோ டெஸ்லா எழுச்சியோடு அது ஒட்டியே போனது. ஒன்பது திசையிலும் ஒரே நேரம் என்பதால் காரணம் பூமிக்குப் பக்கத்தில்தான் என்றார்கள். மறுஇணைப்பால் தடுப்பு கொஞ்ச நேரம் தளர்ந்து, வழக்கமாக உள்ளே வராத கதிர்கள் வந்தன என்பது அவர்கள் விளக்கம்.

பத்திரிகைகள் இதைத்தான் “விரிசல்” ஆக்கின. கவசம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அடுத்து விரிசல் வராமல் என்ன செய்யும்? விரிசல் என்றால் ஒருமுறை விழுந்தது, ஒட்டவைக்க வேண்டியது. மறுஇணைப்பு தினமும் நடக்கிறது. புலம் தெற்கே திரும்பும்போதெல்லாம் திறக்கும், வடக்கே திரும்பினால் அந்த வழி அடையும். கீழ்பவானி வாய்க்காலில் முறை வைத்துத் திறக்கும் மதகைப் பார்த்து யாரும் அணையில் உடைப்பு என்று கத்துவதில்லை.

ஆனால் ஊட்டி ஆய்விலும் ஓரிடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. வந்த புலம் 17 மடங்கு நெருக்கப்பட்டு 680 நானோ டெஸ்லா ஆனது என்று அவர்கள் கணினிக் கணக்கு சொல்கிறது. பூமியைச் சுற்றி அதன் கொள்ளளவைப் போல் ஏழு மடங்கு இடத்துக்குச் சராசரியாக. அந்தப் புயலின் உச்சத்திலேயே தாழ்ந்த அட்சரேகைக் காந்தமானிகள் காட்டியது 200 வாக்கில்தான், அதுவும் பத்து மணி நேரம் கழித்து. மேலே 680 இருந்து கீழே அவ்வளவு குறைவாக எப்படித் தெரியும்? மியூவான் ஏறியது நிஜம், நேரம் பொருந்துவது நிஜம், அந்த எண் மட்டும் எனக்கு முழுசாக இறங்கவில்லை.

என் லாக்கில் எது புயல், எது புயல் அல்ல

ஆரம்பத்தில் எனக்கு ஓர் ஆசை இருந்தது: 00.03-க்கு மோதல், 00.20-க்கு அண்ணன் காணாமல் போனார், ஆகவே புலத்தின் தெற்குத் திருப்பம்தான் காரணம் என்று எழுதிவிடலாம். நேரமும் பொருந்துகிறது. முகப்பில் மறுஇணைப்பு தொடங்கிய சில நிமிஷங்களில் துருவ ஓட்டம் மாறத் தொடங்கி, கால் மணி அரை மணியில் முழுசாகப் பரவிவிடும். விசில் கரகரத்த நேரம் அதில் அச்சாக உட்காருகிறது.

ஆனால் அவர் குரல் பதினொன்றே முக்காலுக்கே மெலிந்திருந்ததே. அது மோதலுக்கு முன்னால். அதற்கு வேறு காரணம். சூரிய வெடிப்பில் முடுக்கப்பட்ட புரோட்டான்கள் முன்கூட்டியே வந்து துருவப் பகுதியில் கொட்டிக்கொண்டிருந்தன. அவை அயனி மண்டலத்தின் அடித்தட்டில், 60–90 கிலோமீட்டரில், மின்னேற்றத்தைக் கூட்டும். சிற்றலை அங்கே உறிஞ்சப்படும். இதற்கும் புலத்தின் திசைக்கும் சம்பந்தம் கிடையாது. கரகரப்புதான் புலத்தின் கைவரிசை என்று ஓரளவு தெம்பாகச் சொல்லலாம். கடைசியில் ஒலி அடங்கியதில் ஏற்கெனவே பெய்த புரோட்டானுக்கும், புதிதாக விரிந்த ஒளி வளையத்திலிருந்து பொழிந்த எலக்ட்ரானுக்கும் பங்கு எவ்வளவு என்று என் ஒரு ரிசீவரை வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னொன்று, பாதையின் நம் பக்க முனை. துருவத்தில் ஏறிய மின்புலம் துருவத்தோடு நிற்பதில்லை. காந்தமண்டலத்தின் உள்வட்ட மின்னோட்டங்கள் எதிர்ப்புலம் கட்டித் தடுப்பதற்கு அரை மணி வாக்கில் ஆகும். அதுவரை புலம் நிலநடுக்கோடு வரை கசிந்து வந்துவிடும். பகலில் அது கிழக்கு நோக்கி இருக்கும், அயனி வாயுவை மேலே தூக்கும். பின்னிரவில் மேற்கு நோக்கி, கீழே அமுக்கும். ஆக அந்த நள்ளிரவில் கொங்கு நாட்டுக்கு மேலே உள்ள அடுக்கு விதிப்படி கீழே தள்ளப்பட்டிருக்க வேண்டும். புலம் திடீரென்று வடக்கே திரும்பியதும், ஏற்கெனவே கட்டிய எதிர்ப்புலம் மட்டும் மிஞ்சி, கொஞ்ச நேரம் எல்லாம் தலைகீழாகும். காலை ஏழரைக்கு மறுபடி தெற்கு. அப்போது நமக்குப் பகல், ஆகவே தூக்கல். நான் கனெக்டரைப் பிரித்து ஊதிக்கொண்டிருந்த நேரம் அது.

எல்லாவற்றிலும் சங்கடமானது முன்னறிவிப்பு. உமிழ்வு கிளம்பியது 40 மணி நேரத்துக்கு முன்பே தெரியும். வேகம், வரும் நேரம் எல்லாம் தோராயமாகச் சொல்லிவிடலாம். உள்ளே சுருட்டிய புலம் வடக்கா தெற்கா என்பது மட்டும் அது வந்து தொடும் வரை தெரியாது. பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால், எல்1 புள்ளியில் நிற்கும் கலங்கள்தான் முதலில் தொட்டுப் பார்க்கின்றன. 700 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் 36 நிமிஷம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு 2021-இல் துருவத்தின் மேலாக நேரடி விமானம் வந்தது, கொங்கு நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் ஏறினார்கள். 82 டிகிரிக்கு மேலே நிலநடுக்கோட்டுச் செயற்கைக்கோள்கள் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும், விமானி பெரும்பாலும் எங்களைப் போல் சிற்றலையைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பாதையில் நடுவானில் இருப்பவருக்கு 36 நிமிஷம் என்பது எதற்குக் காணும்?

நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 அன்று அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து நாள் கழித்து 6 மீட்டர் நீளக் கையை விரித்தது. அதில் இரண்டு காந்தமானிகள், ஒன்று நடுவில், ஒன்று நுனியில். கலத்தின் சொந்தக் காந்தத்தைக் கழித்துக்கொள்ளத்தான் இரண்டு. நாலே மாதத்தில் பெரும் பரீட்சை வந்தது. 2024 மே 10, வெள்ளி ராத்திரி, நம் நேரப்படி 10.35-க்கு மோதல். 2003-க்குப் பிறகு முதல் ஜி5. டிஎஸ்டி -400-ஐயும் தாண்டியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் சோளம் விதைக்கும் பருவம், ஜிபிஎஸ் பார்த்துத் தானே ஓடும் டிராக்டர்கள் வயலில் நின்றன.

நான் ரேடியோவைப் போடவே இல்லை. போட்டாலும் இரைச்சல்தான். காலை நாலு மணிக்குப் போனில் எல்1 அளவுகளைப் பார்த்துக்கொண்டே அண்ணனுக்கு வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டேன். அங்கே பிற்பகல் மூன்றரை.

“ணா, முள்ளு தெக்க நிக்குதுங். நாப்பதாமா. ராத்திரி இப்படியே நின்னா உங்களுக்கு வானத்துல தெரியுமுங்.”

“இந்த ஊருக்கு வந்து இருவது வருசம் ஆச்சு, நான் ஒருவாட்டியும் பாத்ததில்ல தம்பி. வடக்க மலை மறைக்குது.”

மறுநாள் காலை பதினொன்றரைக்குப் பட்டறையில் ஒரு 7.5 எச்பி ஸ்டேட்டருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவருக்கு ராத்திரி பதினொன்று, மூச்சு வாங்கியது.

“தம்பி, ஒரு மணி நேரமா தோட்டத்துல வடக்க பாத்தே நிக்கறேன், ஒண்ணையும் காணோம்னு. உங்க அண்ணி வந்து தோளைப் புடிச்சுத் திருப்பி விட்டா. பச்சையும் சிவப்புமா எரியுது. தலைக்கு மேல தாண்டி, தெக்க போயிருச்சு.”